மஞ்சக் கடுதாசி கொடுத்தால் ஜி.எஸ்.டி பாக்கி போய்விடுமா?

நமது கேள்வி-பதில் பகுதிக்கு ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ‘எனக்கு 3 ஏக்கர் தோட்டம் இருக்கிறது. விவசாயத்தோடு சொந்தமாக ஜே.சி.பி வைத்து வாடகைக்கு ஓட்டி வந்தேன். ஜி.எஸ்.டி பாக்கி என்று ஆறரை லட்சத்துக்கு உத்தரவு வந்திருக்கிறது. மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டால் எல்லாக் கடனும் தீர்ந்துவிடும் என்கிறார்கள். கொடுக்கலாமா?’

வழக்கமாக நான்கு வரியில் பதில் போட்டுவிடுவோம். ஆனால், கடிதத்தோடு இணைத்திருந்த உத்தரவின் தேதியைப் பார்த்ததும், அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று தெரிந்தது. போனில் பேசிவிட்டு, திவால் வழக்குகள் நடத்தும் ஒரு மூத்த வழக்கறிஞரையும் கூட்டிக்கொண்டு, கீழ்பவானி வாய்க்கால் ஓரத்தில் இருக்கும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் இனி அவரை ‘தோட்டத்துக்காரர்’ என்றே வைத்துக்கொள்வோம்.

கயிற்றுக் கட்டிலில் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தார். “மஞ்சளுக்கு விலை இல்லாத வருசம், பழைய ஜே.சி.பி ஒண்ணு விலைக்கு வந்துச்சுங்க. பைனான்ஸ் போட்டு எடுத்தேன். மொதல்ல தோட்டம், வரப்புன்னு சில்லறை வேலைதான். அப்புறம் ரோடு கான்ட்ராக்டர் ஒருத்தர், ‘மாசா மாசம் வேலை தர்றேன், ஆனா ஜி.எஸ்.டி பில்லு வேணும்’னாரு. அதுக்காகத்தான் நம்பர் வாங்கினேனுங்க” என்றார்.

பிரச்னை அங்கேதான் தொடங்கியிருக்கிறது. சொந்த நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி, விளைபொருளைப் பொறுத்தவரை ஜி.எஸ்.டி பதிவே எடுக்க வேண்டியதில்லை. டிராக்டர் உழவு, அறுவடை இயந்திர வாடகை போன்ற விவசாயச் சேவைகளுக்கும் வரி கிடையாது. ஆனால், ரோட்டுக்கும் வீட்டுமனைக்கும் மண் வெட்டும் ஜே.சி.பி வாடகைக்கு 18 சதவிகிதம் வரி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை. இவருடைய வரவு அதற்குள்தான் இருந்திருக்கிறது. ஆனால், வேலைக்காக விரும்பிப் பதிவு எடுத்தாலும், எடுத்த பிறகு தவறாமல் ரிட்டர்ன் போட வேண்டும். பில்லில் எழுதிய வரியைக் கட்ட வேண்டும்.

மாதம் சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு பில். அதில் வரி 27 ஆயிரம். கான்ட்ராக்டர் பணத்தை இரண்டு மாதம், மூன்று மாதம் இழுத்தடித்திருக்கிறார். பணம் கைக்கு வரவில்லை என்பதற்காகச் சட்டம் காத்திருப்பதில்லை. பில் போட்டாலே அந்த மாதக் கணக்கில் வரி சேர்ந்துவிடும். வந்த பணமும் டீசலுக்கும் பைனான்ஸ் தவணைக்கும் போயிருக்கிறது. இந்தத் தொழிலில் பெரிய செலவே டீசல்தான். டீசல் ஜி.எஸ்.டி-க்குள் வராததால், அதில் கழித்துக்கொள்ள உள்ளீட்டு வரியும் இல்லை. வண்டியும் பதிவில்லாத ஒருவரிடம் வாங்கிய பழைய வண்டி. அதிலும் கழிவு இல்லை.

“அடுத்த மாசம் சேத்திக் கட்டிக்கலாம்னு விட்டேனுங்க. அப்படியே 14 மாசம் ஆயிப்போச்சு” என்றார். நோட்டீஸ் வரவில்லையா என்று கேட்டோம். வந்திருக்கிறது. ஆனால், பதிவில் கொடுத்திருந்த மின்னஞ்சலும் போன் நம்பரும் ரிட்டர்ன் போட்டுக்கொடுத்த ஆடிட்டர் ஆபீஸுடையவை. இவர் அங்கே போவதை நிறுத்தியதும், அவர்களும் இவரை மறந்துவிட்டார்கள். உங்கள் பதிவில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தபாலில் காகிதம் வந்து சேர்ந்த நாளை நம்பியும் இருக்காதீர்கள். போர்ட்டலில் உத்தரவு ஏறிய தேதியிலிருந்தே கெடு ஓடுகிறது என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார். “காயிதம் வந்த நாள்ல இருந்து ராத்திரி தூக்கமில்லைங்க. எந்திரிச்சுப் போயி கெணத்து மேட்டுல உக்காந்துக்கறாரு. பின்னாலயே நானும் போயி உக்காந்துக்குவேன்” என்றார். தோட்டத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். இதை எழுதலாமா என்று கேட்டோம். “எழுதுங்க. எங்களை மாதிரி இன்னும் நாலு பேரு இருப்பாங்க” என்றார் அந்த அம்மா.

இனி மஞ்சக் கடுதாசிக்கு வருவோம். ஊரில் ‘ஐ.பி கொடுத்துவிட்டான்’ என்பார்களே, அதேதான். கடனைத் திருப்பிக் கட்ட முடியவில்லை, என்னைத் திவாலானவன் என்று அறிவியுங்கள் என்று நீதிமன்றத்தில் மனு போடுவது. 2016-ல் புதிய திவால் சட்டம் வந்திருந்தாலும், தனிநபர்களைப் பொறுத்தவரை, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. மற்றவர்களுக்கு, சென்னை நகருக்கு வெளியே, 1920-ம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம்தான். அது எவ்வளவு பழசு என்பதற்கு ஓர் அடையாளம்: மனுப் போட அந்தச் சட்டம் வைத்த வரம்பு, 500 ரூபாய்க் கடன்.

வழக்கறிஞர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை எடுத்தார். “உங்க கடன் எல்லாத்தையும் வரிசையாச் சொல்லுங்க” என்றார். ஜி.எஸ்.டி ஆறரை லட்சம். ஜே.சி.பி மேல் பைனான்ஸ் பாக்கி 7 லட்சம். கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் 2 லட்சம். மச்சானிடமும், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும், சித்தப்பா மகனிடமும் வாங்கிய கைமாத்து 3 லட்சம்.

எழுதி முடித்துவிட்டு, ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினார் வழக்கறிஞர். “அந்தச் சட்டத்தோட 44-வது பிரிவைப் பாருங்க. திவாலானவரைக் கடன்ல இருந்து விடுவிச்சாலும், அரசாங்கத்துக்குத் தர வேண்டிய கடன்ல இருந்து அந்த விடுதலை கிடையாதுன்னு மொத வரியிலயே இருக்கு. ஜி.எஸ்.டி-யும் அரசாங்கக் கடன்தான். அதுமட்டுமில்ல, 61-வது பிரிவுப்படி, உங்க சொத்தை வித்து வர்ற பணத்துல முன்னுரிமையும் அரசாங்கத்துக்குத்தான். பைனான்ஸ்காரர் வண்டியை அடமானம் பிடிச்சிருக்கார். அவர் தன் அடமானத்தை வித்துக்கறதை இந்தச் சட்டம் தடுக்காது. நகைக்கடனும் அப்படித்தான், நகை வங்கியில இருக்கு. மிச்சம் என்ன இருக்குன்னு நீங்களே பாருங்க.”

காகிதத்தில் அடிபடாமல் இருந்தது கைமாத்து மட்டும். மச்சான், பக்கத்துத் தோட்டத்துக்காரர், சித்தப்பா மகன்.

அதாவது, எந்த வட்டியும் எழுதி வாங்காமல், கஷ்டத்துக்குக் கொடுத்து உதவிய மூன்று பேருக்குத்தான் நாமம் போட முடியும். எந்தக் கடனுக்குப் பயந்து மஞ்சக் கடுதாசியைத் தேடினாரோ, அது அப்படியே நிற்கும். தோட்டத்துக்காரர் ரொம்ப நேரம் பேசவில்லை.

மனுப் போட்டதும் விடுதலை வந்துவிடாது என்பதையும் வழக்கறிஞர் சொன்னார். சொத்து, ரிசீவர் கைக்குப் போகும். விடுதலைக்குத் தனியாக மனுப் போட வேண்டும். கணக்குப் புத்தகம் ஒழுங்காக இல்லை என்றாலோ, சொத்து மதிப்பு அடமானமில்லாத கடனில் பாதிக்கு, அதாவது ரூபாய்க்கு எட்டணா அளவுக்குக்கூட தேறவில்லை என்றாலோ நீதிமன்றம் மறுக்கலாம். விடுதலை கிடைக்கும்வரை உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது. விவசாயியின் குடியிருப்பு வீடு, உழவுக் கருவிகள், தேவையான மாடு, விதை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால், பிழைப்பே விவசாயம்தான் என்று காட்ட வேண்டும். ஜே.சி.பி ஓட்டியவருக்கு அதுவே ஒரு வாதமாகிவிடும்.

“அப்போ தோட்டத்தை இவ பேருக்கு எழுதி வெச்சுட்டா?” என்று மெதுவாகக் கேட்டார் தோட்டத்துக்காரர். ஊரில் யாரோ அதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வழக்கறிஞர் கையை உயர்த்தித் தடுத்தார். திவால் மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் விலை வாங்காமல் எழுதிக் கொடுத்த சொத்தை நீதிமன்றம் ரத்து செய்யும். வரி பாக்கி நிற்கும்போது அரசை ஏமாற்றும் நோக்கத்தில் கைமாற்றினால், ஜி.எஸ்.டி சட்டத்தின் 81-வது பிரிவுப்படி அது செல்லாது. பாக்கி நிலுவையிலேயே இருந்தால், மூன்று மாதம் கழித்து வங்கிக் கணக்கை முடக்கலாம். கலெக்டர் வழியாக நிலவரிப் பாக்கியைப் போலவும் வசூலிக்கலாம். பால் சங்கப் பணம் வரும் கணக்கும் அதில் மாட்டும்.

அப்படியானால் என்னதான் வழி? உத்தரவை நன்றாகப் படித்தால் வழி அதிலேயே இருந்தது. அது 62-வது பிரிவின் கீழ் போட்ட உத்தரவு. ரிட்டர்ன் போடாதவருக்கு, அதிகாரி தன்னிடம் இருக்கும் விவரத்தை வைத்து உத்தேசமாகப் போடும் வரி. இந்த உத்தரவு வந்த 60 நாளுக்குள் விட்டுப்போன ரிட்டர்னைச் சரியாகப் போட்டு, உண்மையான வரியைக் கட்டிவிட்டால், உத்தரவு தானாகவே விலகிவிடும். வட்டியும் தாமதக் கட்டணமும் மட்டும் நிற்கும். 60 நாள் தப்பினால், கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. நாங்கள் போனது 23-வது நாள். அந்த 23 நாளும் மஞ்சக் கடுதாசிப் பேச்சிலேயே கழிந்திருக்கிறது.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 14 மாத வரி 3,78,000 ரூபாய். ஆண்டுக்கு 18 சதவிகித வட்டி, 57 ஆயிரம் சொச்சம். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய் என்றாலும், ஒன்றரைக் கோடிக்குள் வரவு உள்ளவர்களுக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2,000 ரூபாய்தான் உச்சம். ஆக 28 ஆயிரம். மொத்தம் 4,63,000 ரூபாய். ஆறரை லட்சம் எங்கே, இது எங்கே! உதிரி பாகம், டயர் வாங்கிய பில்கள் சில இருந்தன. அவற்றில் முந்தைய நிதியாண்டுக்கானவற்றைக் கழிக்கும் கெடு, நவம்பர் 30-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்தப் பணம் போனது போனதுதான்.

ஒரு சிக்கல். பழைய மாதத்தை விட்டுவிட்டுப் புது மாத ரிட்டர்னைப் போட முடியாது. வரிசையாகத்தான் போட வேண்டும். முழு வரியையும் கட்டாமல் ரிட்டர்ன் உள்ளே போகாது. ஆக, மொத்தப் பணம் வேண்டும். 80-வது பிரிவில் 24 மாதத் தவணை என்று ஒன்று இருக்கிறது. ஆனால், நாமே ரிட்டர்னில் காட்டும் வரிக்கு அது பொருந்தாது. அதிகாரியின் உத்தரவுத் தொகைக்குத்தான் பொருந்தும். வசூல் நடவடிக்கை தொடங்கிவிட்டால் அதையும் மறுக்க விதி இருக்கிறது. ஒரு தவணை தவறினால் மீதி முழுவதையும் உடனே கேட்பார்கள். இவருக்குத் தவணை வேண்டுமென்றால், ஆறரை லட்சத்தை ஒப்புக்கொண்டு கேட்க வேண்டியிருக்கும்.

“வண்டியைக் குடுத்துடறேனுங்க” என்றார் தோட்டத்துக்காரர். யாரும் சொல்லாமல், அவராகவே சொன்னார். பைனான்ஸ்காரரே பிடித்துக்கொண்டு போய் ஏலம் விட்டால் அடிமாட்டு விலைதான். அவர் சம்மதத்தோடு நாமே ஆள் பார்த்து விற்றதில் 11 லட்சம் கிடைத்தது. பாக்கி 7 லட்சம் போக, 4 லட்சம் நின்றது. விலை ஏறும் என்று வைத்திருந்த மஞ்சளை விற்று மீதியைக் கட்டினார். 51-வது நாள் கடைசி ரிட்டர்ன் ஏறியது. பதிவை ரத்து செய்யப்போவதாக வந்திருந்த நோட்டீஸும், எல்லா ரிட்டர்னும் உள்ளே போனதால் கைவிடப்பட்டது.

கான்ட்ராக்டரிடம் இன்னும் 2 லட்சத்துக்கு மேல் நிற்கிறது. வேலை தொடங்கும் முன்பே ‘உதயம்’ பதிவு எடுத்திருந்தால், 45 நாளுக்குள் பணம் தரவில்லை என்று சிறுதொழில் வசதி மன்றத்தில் முறையிட்டு, வட்டியோடு கேட்டிருக்கலாம். இவரிடம் அந்தப் பதிவு இல்லை. ஆனால், கையில் இன்னொரு பிடி இருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் நமக்குப் பணம் தராவிட்டால், அந்த பில்லை வைத்துக் கழித்த உள்ளீட்டு வரியை கான்ட்ராக்டர் திருப்பிக் கட்ட வேண்டும். இதைக் குறிப்பிட்டு வழக்கறிஞர் அனுப்பிய நோட்டீஸுக்குப் பிறகு, 40 ஆயிரம் வந்திருக்கிறது.

அதை அப்படியே மச்சானிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். “அவரு வாங்கவே மாட்டேன்னாருங்க. மேசை மேல வெச்சுட்டு வந்துட்டேன்” என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அடுத்த மஞ்சள் வெட்டு வரைக்கும் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சித்தப்பா மகன்தான் பேசுவதில்லையாம்.

மீண்டும் வண்டி எடுத்தால், ஆண்டுக்கு 50 லட்ச ரூபாய்வரை வரவுள்ள சேவைத் தொழிலுக்கு 6 சதவிகித வரியில் காம்போசிஷன் திட்டம் உண்டு என்று சொன்னோம். வாடிக்கையாளரிடம் வரி வாங்கவும் முடியாது, அவர் கழித்துக்கொள்ளவும் முடியாது என்பதால் பெரிய கான்ட்ராக்டர்கள் இதை விரும்ப மாட்டார்கள். “இனி வண்டி வேண்டாமுங்க” என்று சொல்லி, பதிவையே ஒப்படைத்துவிட்டார். ஆனால் ரத்து உத்தரவு வந்து மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் ஒன்று போட வேண்டும். அதை மறந்து, ரத்தாகிவிட்டதே என்று நிம்மதியாக இருந்து மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. தோட்டத்துக்காரர் அந்தக் கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பதிவில் இப்போது இருப்பது அவருடைய சொந்த போன் நம்பர்.