பாத அழுத்த முறையும் உணவு ஒழுங்கும்: மன அழுத்தத்தால் வரும் வயிற்றுக் கோளாறுகளுக்கு

வயிற்று உப்புசம், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் எனப் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரிடம் உறக்கத்தையும் வேலைச்சுமையையும் பற்றிக் கேட்டால், பலரின் பதிலில் மன அழுத்தம் வெளிப்படுகிறது. மனம் பதற்றத்தில் இருக்கும்போது இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவது தாமதமாகிறது. பெருங்குடலின் இயக்கமோ விரைவுபடக்கூடும். தேர்வு நாளன்று காலையில் மாணவர் சிலருக்கு வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

இத்தகைய தொல்லைகளுக்கு ரிஃப்ளெக்சாலஜி எனப்படும் பாத அழுத்த முறையைச் செய்துகொள்ளலாமா எனப் பலர் வினவுகின்றனர். உள்ளங்காலின் ஒவ்வொரு பகுதியும் ஓர் உறுப்போடு தொடர்புடையது என்பது இம்முறையின் கருத்து. அமெரிக்காவைச் சேர்ந்த யூனிஸ் இங்காம் 1930களில் இதற்கான பாத வரைபடத்தை உருவாக்கினார். அவ்வரைபடம் காட்டும் உறுப்புத் தொடர்பு அறிவியல் ஆய்வுகளால் நிறுவப்படவில்லை. ஆயினும், பாதத்தை இதமாக அழுத்திவிடுவதால் பதற்றம் தணிந்து நல்ல உறக்கம் வருவதைப் பலர் உணர்கின்றனர். அந்த அளவில் இது பயனுள்ளதே. இரைப்பைப் புண்ணை இது ஆற்றாது. மருந்துக்கு மாற்றும் ஆகாது.

உறங்கச் செல்லும் முன், சிறிதளவு எண்ணெய் தடவி, குதிகாலிலிருந்து விரல்கள் வரை கட்டைவிரலால் மெதுவாக அழுத்தலாம். ஒரு பாதத்திற்கு ஐந்து முதல் பத்து நிமிடங்கள் போதும். வலிக்கும் அளவுக்கு அழுத்துதல் கூடாது. முதியவர்கள் எழுந்து நடக்கும் முன் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவுடன் வருவோர் குறைவல்லர்.

நீரிழிவு நோயாளிகளைப் பராமரிப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நெடுநாள் நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், மிகுந்த அழுத்தமோ சுடுநீரின் சூடோ அவர்களுக்குத் தெரியாது. சிறு கொப்புளம் ஆறாத புண்ணாக மாறி, விரலையே அகற்ற நேரலாம். ஆகவே முதலில் விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் பாருங்கள். புண், வெடிப்பு, நிறமாற்றம் இருப்பின் அழுத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் எக்காரணம் கொண்டும் பிடித்துவிடாதீர்கள். இரத்தக் குழாயில் உறைகட்டி இருந்தால் அது இடம்பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். கருவுற்ற தாய்மார்கள் மருத்துவரின் ஆலோசனைக்குப் பின்னரே செய்துகொள்ளலாம்.

செரிமானம் சீராவதற்குப் பெரிதும் துணைநிற்பது உணவு ஒழுங்கே. காலை உணவுக்குப் பதில் தேநீர், பிற்பகலில் அவசரச் சாப்பாடு, இரவு பத்து மணிக்கு வயிறு நிறைய உணவு என்ற வழக்கம் தொடரும்வரை பாதத்தை எவ்வளவு அழுத்தினாலும் நெஞ்செரிச்சல் குறையாது. இரவு உணவைப் படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி, பழங்கள் உண்பது நல்லது. கீரை, கேழ்வரகு, முழுப்பயறு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டினால் உப்புசம் மிகும். நீரும் போதிய அளவு அருந்த வேண்டும். சிறுநீரக நோயாளிகள் நீர், கீரை, பழம் ஆகியவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

காரணமின்றி எடை குறைதல், விழுங்குவதில் சிரமம், இரத்த வாந்தி, கருநிற மலம் ஆகியவற்றை மன அழுத்தம் என்று எண்ணித் தள்ளிப்போடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்; எனினும் மருத்துவரே அதை உறுதிசெய்யட்டும். வாயுத்தொல்லை போன்ற நெஞ்சுவலி வியர்வையுடனோ இடக்கை, தாடை வலியுடனோ வந்தால் உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.