நீர்வடிப்பகுதிக் கல்வியில் ஆசிரியரின் பங்கு

மலைச்சரிவில் பெய்யும் மழையின் போக்கு அச்சரிவின் நிலையைப் பொறுத்தது. புல்லும் மரமும் மூடிய நிலம் நீரை உள்வாங்கி, ஊற்றுகளின் வழியே சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. வெறுமையான நிலத்திலோ, நீர் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. ஓர் ஓடையைச் சென்றடையும் மழைநீர் விழுகின்ற நிலப்பரப்பு முழுவதும் அவ்வோடையின் நீர்வடிப்பகுதி எனப்படும். அதன் முகட்டில் நேரும் கேடு, அடிவாரத்து வயலையும் கிணற்றையும் தாக்கும். ஆகவே அதனைப் பேணுவது ஊரார் அனைவரின் பொறுப்பாகும்.

இப்பொறுப்பைப் பள்ளிப் பருவத்திலேயே உணர்த்துவது அவசியம். 2008-ஆம் ஆண்டின் பொது வழிகாட்டு நெறிகள், நீர்வடிப்பகுதித் திட்டம் ஒன்றுக்கு 4 முதல் 7 ஆண்டுகள் வரை காலவரையறை செய்தன. அதன்பின் தடுப்பணையில் படியும் வண்டலை அகற்றுவதும், வரப்புகளைச் செப்பனிடுவதும் ஊராரையே சேரும். திட்டம் தொடங்கும்போது ஆறாம் வகுப்பில் பயிலும் சிறுவர் சிறுமியரே பின்னர் அந்நிலத்துக்கு உரியவர் ஆவர்.

அல்மோராவின் அனுபவம்

இன்றைய உத்தராகண்டின் மலை மாவட்டங்கள் உத்தரப் பிரதேசத்தில் அடங்கியிருந்த காலத்தில், 1987-இல், அல்மோராவிலுள்ள உத்தராகண்ட் சேவா நிதி என்னும் நிறுவனம் அப்பகுதிப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்விப் பணியை மேற்கொண்டது. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கென உருவான பாடத்திற்குக் கிராமத்தின் நிலமே பொருளாயிற்று. காடு, வயல், கால்நடை, நீர் ஆகியவை ஒன்றையொன்று சார்ந்திருப்பதை மாணவர் நேரில் கண்டும் அளந்தும் அறிய அது வழிசெய்தது.

மலைக்கிராமத்தில் காட்டுச் சருகு தொழுவத்தில் பரப்பப்படுகிறது. சாணத்துடன் மட்கி எருவாகி வயலைச் சேர்கிறது. காடு குன்றினால் தீவனம், விறகு, எரு ஆகியவை குறைகின்றன; ஊற்றும் மெலிகிறது. பெண்களும் சிறுவர்களும் விறகுக்கும் நீருக்கும் நடக்கும் தொலைவு கூடுகிறது. இப்பயிற்சி நூல்கள் வகுப்பறையில் சோதிக்கப்பட்டு, அவற்றைக் கையாண்ட ஆசிரியர்களின் கருத்துகளைக் கொண்டு திருத்தப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. பாடத்தை உருவாக்குவதிலும் பங்கு பெற்ற ஆசிரியர், அதனைத் தமதாகக் கருதிக் கற்பிப்பார்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

இக்கல்விக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு தட்டில் புல் மூடிய மண்ணையும் மற்றொன்றில் வெறும் மண்ணையும் இட்டு, இரண்டையும் ஒரே அளவு சாய்த்து, சம அளவு நீர் ஊற்றினால், வழியும் நீரின் அளவும் நிறமும் மண்ணரிப்பை விளக்கிவிடும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் நீர் கிடைக்கிறது என்பது நல்லதொரு கணக்குப் பாடம். 20 லிட்டர் வாளி ஊற்றில் நிறைய 40 விநாடி ஆனால், நிமிடத்துக்கு 30 லிட்டர் நீர் சுரக்கிறது. இதனை மாதந்தோறும் அளந்து குறித்து வந்தால், ஊரின் நீர்நிலை பற்றிய நம்பகமான பதிவேடு ஒன்று பள்ளியில் உருவாகும்.

முற்காலத்தில் ஊற்று எத்தனை மாதம் ஓடியது என்பதை முதியோர் அறிவர். புல் எங்கே குறைந்தது என்பதைப் பெண்கள் அறிவர். அவர்களை வினவி, மாணவரோடு சேர்ந்து தாமும் கற்பவராக ஆசிரியர் விளங்க வேண்டும்.

நிர்வாகத்தின் கடமை

ஆர்வம் மட்டும் ஆசிரியருக்குப் போதாது. நேரமும் ஆதரவும் வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், செயல்பாடுகள் வழியாகவும் கண்டறிதல் வழியாகவும் கற்பதை வலியுறுத்துகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிரப் பிற கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்துவதையும் தடை செய்கிறது. இவ்விதிகள் நடைமுறையில் காக்கப்பட்டால்தான் களப்பயிற்சிக்குப் பொழுது கிட்டும்.

ஆசிரியர் பயிற்சியும் சொற்பொழிவோடு நின்றுவிடாமல், முகட்டிலிருந்து ஓடை வரை நடந்து காண்பதாக அமைதல் வேண்டும். ஆசிரியர் மாறுதலாகிச் செல்லும்போது, பதிவேடு பள்ளியிலேயே தங்க வேண்டும். மாணவர் எடுத்த அளவுகளைக் கிராம சபையும் நீர்வடிப்பகுதிக் குழுவும் கேட்டறிந்து பயன்படுத்த வேண்டும். தாம் அளந்தது ஊரின் முடிவுகளுக்கு உதவுகிறது என்று காணும் மாணவரே, நாளை தடுப்பணையில் வண்டல் சேரும்போது மண்வெட்டியுடன் முன்வருவர்.