படிவம் ஒன்றில் தொடங்கும் பாரம்

மலேசியாவின் செகிஞ்சான், தஞ்சோங் காராங், சுங்கை பெசார் பக்கத்தில் பிள்ளைகளின் படிப்புச் சுமையைப் பற்றிப் பேச்சு வந்தால் அது ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வைச் சுற்றியே நிற்கும். ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. மறு ஆண்டே மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வும் போனது. இனி ஐந்தாம் படிவம் வரை பிள்ளைக்குக் கவலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை நான் இதை ஏற்க மாட்டேன். அவர்களில் பலருக்கு மன அழுத்தம் இடைநிலைப்பள்ளியின் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது.

தமிழ்ப்பள்ளி முடிந்த பிறகு

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி சிறியது. அங்கே எல்லா ஆசிரியருக்கும் பிள்ளையின் பெயர் தெரியும், அப்பா செம்பனைத் தோட்டத்தில் எந்தப் பிரிவில் வேலை செய்கிறார் என்பதும் தெரியும். அங்கிருந்து நூற்றுக்கணக்கானோர் படிக்கும் பள்ளிக்குப் போகிறது பிள்ளை. வகுப்பில் தமிழ் பேசுபவர் இரண்டு மூன்று பேர் இருந்தால் பெரிது. அறிவியல், வரலாறு, புவியியல் எல்லாம் மலாய்மொழியில். ஒளிச்சேர்க்கையை ஆறாம் ஆண்டில் அழகாக விளக்கிய பிள்ளை இப்போது ஒரு பத்தி எழுதத் திணறுகிறது. கை தூக்கிக் கேட்கவும் கூச்சம். மலாய்மொழி அடைவு போதாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்க நேர்ந்த பிள்ளைக்கோ, கூடப் படித்தவர்கள் தன்னை விட்டுப் போய்விட்டார்கள் என்ற வலி வேறு.

“எனக்கு மண்டையில ஏறலம்மா” என்று பிள்ளை சொல்லும் இடம் இதுதான். அந்தச் சொல்லை அப்படியே நம்பி, ‘படிப்பு வராது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாடத்தைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சரியாகச் சொன்னால் அறிவில் குறையில்லை. மலாய்ச் சொற்கள்தான் போதவில்லை. அதற்கு வழி இருக்கிறது. அன்றைய பாடத்திலிருந்து ஐந்து சொற்களை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் வைத்து ஒரு வாக்கியம் அமைக்கட்டும். பக்கத்து வீட்டு அண்ணனோ அக்காவோ அதைத் திருத்தித் தரலாம். தமிழிலும் சொல்ல வரவில்லையா? அப்போது பாடமே புரியவில்லை, ஆசிரியரைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் டியூஷனுக்கு மேல் டியூஷன் வைப்பதால் பிள்ளைக்குக் களைப்புதான் கூடும்.

உடம்பு முதலில் சொல்லிவிடும்

அழுத்தம் வந்தால் உடல் அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கிறது. தேர்வுக்கு முன் வரும் சிறு படபடப்பு நல்லதுதான், கவனத்தைக் கூர்மையாக்கும். அது வாரக்கணக்கில் நீடிக்கும்போதுதான் கெடுதல். ஞாயிறு இரவானால் வயிற்றுவலி, திங்கள் காலை தலைவலி, பசியின்மை, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல், பிடித்த பந்து விளையாட்டைக் கைவிடுவது போன்றவற்றைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோம். சுகாதார அமைச்சு பதின்ம வயது மாணவர்களிடம் நாடு தழுவி நடத்திய ஆய்வில், 2017-இல் ஐவரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. 2022-இல் அது நால்வரில் ஒருவர் என்றானது.

தூக்கத்தைத் திருடாதீர்கள்

13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தோட்டத்திலிருந்து பள்ளிப் பேருந்தைப் பிடிக்க ஐந்து மணிக்கு எழும் பிள்ளை ஒன்பது மணிக்கே படுத்தாக வேண்டும். ஆனால் பிரத்தியேக வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரவே ஒன்பதாகிறது. குளித்து, சாப்பிட்டு, கைப்பேசியைப் பார்த்து முடிக்கும்போது பன்னிரண்டு. பகலில் படித்ததை மூளை நிலையான நினைவாக மாற்றுவதில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. நடுநிசி வரை கண்விழித்துப் படிப்பவர் அந்த வேலையைத் தாமே தடுத்துக்கொள்கிறார். மாலையில் குடித்த காப்பியின் காஃபைனில் ஏறக்குறைய பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். ஊக்க பானங்களும் அப்படியே.

குறைந்த நேரத்தில் படிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதை விட்டுவிட்டு, ஒருமுறை படித்துப் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்க்க வேண்டும். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தம்மையே சோதித்துக்கொண்ட மாணவர்கள் ஒரு வாரம் கழித்து, மறுபடி மறுபடி வாசித்தவர்களைவிட அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

எத்தனை ‘ஏ’?

தாத்தா பால்மரம் வெட்டினார், அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார், பிள்ளையாவது மேலே வரட்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்காகவே உழைத்த குடும்பங்கள் இவை. ஆனால் அந்த மூன்று தலைமுறை ஆசையையும் பதினேழு வயதுத் தோளில் ஏற்றி, சித்தப்பா மகனின் ‘ஏ’ கணக்கையும் சேர்த்து வைக்கிறோம். பிள்ளைக்கு எஸ்.பி.எம். வாழ்வா சாவா என்றாகிவிடுகிறது. உண்மையில் சான்றிதழ் பெறத் தேறியே ஆக வேண்டிய பாடங்கள் மலாய்மொழியும் வரலாறும்தான். தவறினால் அவற்றை மறுபடி எழுதலாம். ஆறாம் படிவம், பாலிடெக்னிக், சபாக் பெர்ணமில் உள்ளது போன்ற சமூகக் கல்லூரி எனப் பாதைகள் உண்டு. முடிவு வந்த பிறகு ஆறுதலாகச் சொல்வதைவிட, தேர்வுக்கு முன்பே குடும்பமாக உட்கார்ந்து இவற்றைப் பேசிவிடுங்கள்.

தேர்வு நாளில் படபடப்பவர்களுக்கு ஒரு பயிற்சி: மண்டபத்துக்குள் போகும் முன் மனத்தில் உள்ள பயத்தையெல்லாம் பத்து நிமிடம் ஒரு தாளில் எழுதுங்கள். பதற்றம் அதிகமுள்ள மாணவர்களுக்கு இது மதிப்பெண்ணைக் கூட்டியதாக 2011-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மூச்சை மெதுவாக இழுத்து, இன்னும் மெதுவாக விடுவதும் உதவும்.

யாரிடம் போவது?

சோகமும் தூக்கக் கேடும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பள்ளியின் வழிகாட்டி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். அவர் கட்டொழுங்கு ஆசிரியர் அல்லர். அவரைச் சந்திப்பது தண்டனையும் அல்ல. அரசாங்க கிளினிக்கிலும் மனநலத்தைப் பற்றிப் பேசலாம், தேவையானால் அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். தொலைபேசியில் பேச ஹீல் 15555, தாலியான் காசே 15999, பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 ஆகிய எண்கள் உள்ளன.

‘செத்துப் போயிடலாம்னு இருக்கு’ என்று பிள்ளை சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படி ஓர் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் எண்ணம் தூண்டப்படாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டதால், போலீசுக்குப் பயந்து மறைக்கத் தேவையில்லை. வயலும் தோட்டமும் சூழ்ந்த நம் வீடுகளில் களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும். இன்றே பூட்டி வையுங்கள், சாவி பெரியவரிடம் இருக்கட்டும். அப்படிச் சொன்ன பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மறுநாள் தேர்வாக இருந்தாலும் சரி.