மூட்டுத் தேய்மானம் முதுமையின் நோய் மட்டுமா?

அறுபதைக் கடந்த விவசாயக் கூலிப் பெண் ஒருவர் முழங்கால் வலியோடு மருத்துவமனைக்குச் சென்றால், பெரும்பாலும் அவர் கேட்கும் பதில் ‘வயசாயிடுச்சு, தேய்மானம்’ என்பதே. ஐந்து நாளைக்கு வலி மாத்திரை எழுதித் தரப்படும். அவர் நாற்பது ஆண்டுகள் என்ன வேலை செய்தார் என்ற கேள்வி அநேகமாக எழுவதில்லை. எழவேண்டிய கேள்வி அதுதான் என்கிறோம் நாம்.

மூட்டில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு மெல்லச் சிதைவதைத் தேய்மானம் என்கிறோம். வண்டிச் சக்கரம் தேய்வதைப் போல என்று விளக்குவது வழக்கம். அந்த உவமை போதாது. குருத்தெலும்புக்குக் கீழுள்ள எலும்பு, மூட்டைச் சூழ்ந்த சவ்வு, மூட்டைத் தாங்கும் தொடைத் தசை என அனைத்தையும் பாதிக்கும் நோய் இது. வயதும், உடல் எடையும், பழைய காயமும், மரபும் இதற்குக் காரணமாகின்றன. ஆண்களைவிடப் பெண்களை இது மிகுதியாகத் தாக்குகிறது. இவற்றோடு ஆண்டுக்கணக்கில் குந்தியும், மண்டியிட்டும், சுமை தூக்கியும் செய்யும் வேலையையும் மருத்துவ ஆய்வுகள் சேர்த்தே சொல்கின்றன.

அந்த வேலைகளை யார் செய்கிறார்கள்? களை பறிப்பதும், செங்கல் சூளையில் கல் அறுப்பதும், சாந்துச் சட்டி சுமந்து சாரம் ஏறுவதும் எல்லாச் சாதியாருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டவை அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் மொத்த உழைப்பாளர்களில் சுமார் 30 விழுக்காட்டினர் விவசாயக் கூலிகள். பட்டியல் சாதியினரிடையே இது ஏறத்தாழ 46 விழுக்காடு. நிலமற்றவரின் முழங்கால்தான் நிலமுடையவரின் வயலில் தேய்கிறது.

இதை உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்குவோர் ஜெர்மனியைப் பார்க்கலாம். மண்டியிட்டோ அதற்கொத்த நிலையிலோ வாழ்நாளில் 13,000 மணி நேரம், பணிநாளொன்றுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் உழைத்தவருக்கு வரும் முழங்கால் தேய்மானத்தை அந்நாடு 2009 முதல் தொழில்சார் நோயாக ஏற்கிறது. அதே ஆண்டில் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கு இந்த உரிமையை வழங்கியது. இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டுக்கு 100 நாள், நாளுக்கு 5 மணி நேரம் குந்திக் களை பறிக்கும் பெண், 30 ஆண்டுகளில் 15,000 மணி நேரத்தை எட்டிவிடுகிறார். நம் நாட்டின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலிருந்த தொழில்நோய்களில் முழங்கால் தேய்மானம் இடம்பெற்றிருக்கவில்லை. இருந்தாலுமே, நாளொரு வரப்பில் வேலை செய்பவருக்கு முதலாளி என்று யாரைக் காட்டுவது?

வலியோடு இது முடிவதில்லை. வலிக்குப் பயந்து நடையைக் குறைத்தால் தொடைத் தசை இளைக்கும். தசை இளைத்தால் மூட்டின்மேல் சுமை கூடும். அரிசிச் சோறு நிறைந்து, பருப்பும் முட்டையும் குறைந்த உணவு இந்தச் சுழலை விரைவுபடுத்துகிறது. இதன் முடிவில் நிற்கும் நிலையை மருத்துவம் ‘நலிவு’ என்கிறது. அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரீட் குழுவினர் 2001-இல் இதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: தானாக எடை குறைதல், களைப்பு, கைப்பிடி வலுவிழத்தல், நடை தளர்தல், உடலியக்கம் குறைதல். மூன்று இருந்தால் நலிவு. நலிந்தவர் எளிதில் விழுவார். இடுப்பெலும்பு முறிந்தால் பலர் மீண்டும் எழுந்து நடப்பதில்லை.

முதன்மையான சிகிச்சை தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டிப் பிடிப்பதைப் போன்ற எளிய பயிற்சிகள்தான். ஆனால் கற்றுத்தர ஆள் வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம்; சேரித் தெருவின் கடைசி வீடுவரை அது வருகிறதா என்று கேட்பது நம் பொறுப்பு. மெடிக்கலில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகத்தில் கேட்டையும் விளைவிக்கும். செயற்கை மூட்டுகளுக்கு ஒன்றிய அரசு 2017-இல் விலை உச்சவரம்பு விதித்தது நல்லதே. ஆனால் அறுவைக்குப் பின் குந்தக்கூடாது என்கிறார்கள். தொகுப்பு வீட்டுக் கழிப்பறையோ குந்தும் கழிப்பறை. இதை எந்தக் காப்பீடு கணக்கில் கொள்கிறது?

ஓய்வெடுக்கச் சொல்வதும் அப்படித்தான். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக்கப்பட்டது. நாளுக்கு 40 ரூபாய். அதை நம்பிக் களைவெட்டை விடமுடியாது.

கல்லூரி மாணவர்கள் தம் ஊரிலேயே தொடங்கலாம். நான்கு மீட்டரை அளந்து கோடிட்டு, முதியவர்களை இயல்பான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். ஐந்து நொடிக்கு மேலானால் அது தளர்ந்த நடை. பெயருக்கு எதிரே நொடியை எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி வையுங்கள்: எந்த வேலை, நாளுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை ஆண்டு. அந்தத் தாளைக் கிராம சபையில் வாசித்துப் பதிவு செய்யக் கோருங்கள்.