கணக்கில் வராத முயல்கள்

நாகபுரியில் ஆவணி அமாவாசையன்று, உழவு மாடுகளைச் சிறப்பிக்கும் போளா பண்டிகை நடைபெறும். மறுநாள் சிறுவர்களின் முறை. சக்கரம் பொருத்திய மரக்காளைகளை அலங்கரித்து வீடுவீடாக இழுத்துச் சென்று இனிப்பும் சில்லறையும் பெறுவார்கள். தான்ஹா போளா என்று அதற்குப் பெயர். 2021-ஆம் ஆண்டு அந்த நாளில்தான் எங்கள் வீட்டுக்கு இரண்டு முயல் குட்டிகள் வந்து சேர்ந்தன.

அவ்வாண்டு ஜூன் மாதம் பணியிட மாறுதலில் நாங்கள் அந்நகருக்குக் குடிபெயர்ந்திருந்தோம். பள்ளிகள் கைப்பேசித் திரைக்குள் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஏழாம் வகுப்பில் சேர்ந்த மகளும் இரண்டாம் வகுப்பில் சேர்ந்த மகனும் உடன் பயில்வோரின் முகங்களைத் தபால்தலை அளவில்தான் பார்த்திருந்தார்கள். கீழ்வீட்டுப் பேரன் இழுத்து வந்த மரக்காளையைக் கண்டதும், “அப்பா, எனக்கு உயிருள்ளதாக ஒன்று வேண்டும்” என்றான் மகன். நாய் வளர்க்க வீட்டு உரிமையாளர் இசையமாட்டார். முயல் என்றால் குரைக்காது, வெளியே அழைத்துச் செல்ல வேண்டியதில்லை, காய்கறிக் கழிவே அதற்கு உணவாகும் என்று மூன்று காரணங்களை நானே எடுத்துரைத்தேன். அவற்றுள் முதலாவது மட்டுமே உண்மை என்பது பிறகு தெரியவந்தது.

வணிகவியல் படித்து வங்கியில் சேர்ந்தவனுக்கு எதையும் எழுதிவைக்காமல் இருக்க இயலாது. அன்றிரவே ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினேன். முயல் ஒரு சோடி 700 ரூபாய், கம்பிக் கூண்டு 1,900 ரூபாய், தண்ணீர்ப் புட்டி 120 ரூபாய்; ஆக மொத்தம் 2,720 ரூபாய். இரண்டும் ஆண் என்று விற்றவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். வெள்ளைக் குட்டிக்குப் பஞ்சு என்றும், கரும்புள்ளிகள் கொண்டதற்கு மிளகு என்றும் மகள் பெயரிட்டாள்.

முதல் சில மாதங்கள் இனிதே கழிந்தன. மகிழ்ச்சி மிகும்போது முயல் அந்தரத்தில் எழும்பி, உடலை முறுக்கிக் குதிக்கும். இணையவழி வகுப்பு முடிந்ததும் அதைக் காண்பதற்காகவே பிள்ளைகள் கூடத்துக்கு ஓடிவருவார்கள். கலக்கங்கள் இல்லாமல் இல்லை. ஒரு நாள் கூண்டின் அடித்தட்டில் செந்நிற நீரைக் கண்டு இரத்தம் என்று பதறினோம். சில கீரைகளைத் தின்றால் முயலின் சிறுநீர் அந்நிறம் கொள்ளும் என்று கால்நடை மருத்துவர் சிரித்தபடி விளக்கினார். மென்மையான ஒருவகைப் புழுக்கையை முயல் தானே தின்பதும் நோயன்று; முதல் முறை செரிக்காத சத்தை அது இவ்வாறு இரண்டாம் முறை பெற்றுக்கொள்கிறது. மகன் இச்செய்தியைச் சாப்பாட்டு வேளையில் விருந்தினர் அனைவருக்கும் சொல்லிவந்தான்.

காய்கறிக் கழிவு போதும் என்ற என் கருத்தையும் அம்மருத்துவரே திருத்தினார். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. நார் மிகுந்த உலர்புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேயவேண்டும். எனவே உணவில் பெரும்பகுதி உலர்புல்லாகவே இருக்க வேண்டும், கீரை அளவாக, படங்களில் முயலின் கையில் இருக்கும் கேரட்டோ எப்போதாவது ஒரு துண்டு. நாள்தோறும் சில மணி நேரம் கூண்டுக்கு வெளியே ஓடவும் விடவேண்டும். பால்காரரின் மாட்டுக்கொட்டிலிலிருந்து வாரந்தோறும் ஒரு மூட்டைப் புல் வரத் தொடங்கியது. குறிப்பேட்டில் ஒரு வரி கூடியது.

2022 பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு மாலை, பஞ்சு தன் மார்பு உரோமத்தைத் தானே பிடுங்கி, புல்லுடன் சேர்த்து வாயில் கவ்விக்கொண்டு கூண்டின் மூலைக்கும் வாசலுக்குமாக அலைந்தது. தோல் நோய் என்று எண்ணினோம். விடிந்தபோது அந்த உரோம மெத்தைக்குள் விரல் நீளத்தில் ஆறு குட்டிகள், கண் திறவாமல், உடலில் ஒரு முடியும் இன்றிக் கிடந்தன.

அன்றைய பகலை எங்கள் வீட்டில் எவரும் மறக்கவில்லை. தாய் முயல் எதிர்மூலையில் அமர்ந்திருந்ததே தவிர, குட்டிகளின் அருகில் ஒருமுறையும் செல்லவில்லை. “நீ தொட்டதால்தான் வெறுத்துவிட்டது” என்று மகள் தம்பியைக் குற்றஞ்சாட்டினாள். “நான் தொடவேயில்லை, அக்கா” என்று அழுத அவன் அன்றிரவு உண்ண மறுத்தான். என் மனைவி மருந்துச் சொட்டுக்குழாயில் பசும்பாலை எடுத்து, ஒவ்வொரு குட்டியின் வாயிலும் நள்ளிரவு வரை சொட்டிக்கொண்டிருந்தார். காலையில் இரண்டு குட்டிகள் இறந்திருந்தன.

மருத்துவர் கூறியதை முன்பே அறிந்திருந்தால் அந்த இரண்டும் பிழைத்திருக்கக்கூடும். தாய் முயல் நாளுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை, அதுவும் இரவிலோ விடியலிலோ சில நிமிடங்கள் மட்டுமே பாலூட்டும். மற்ற நேரத்தில் விலகியிருப்பது வெறுப்பினால் அன்று. பகை விலங்குகளுக்குக் குட்டிகளின் இருப்பிடம் தெரியாதிருக்கவே அவ்வாறு செய்கிறது. வீட்டு முயல் மனிதர் தொட்டதற்காகக் குட்டியைக் கைவிடுவதில்லை. காலையில் வயிறு உருண்டிருந்தால் பால் கிடைத்துவிட்டது என்று பொருள். இறந்த குட்டிகளுக்குப் பால் மூச்சுக்குழாயில் சென்றிருக்கலாம் என்று அவர் தயக்கத்துடன் சொன்னபோது, என் மனைவி ஒன்றும் பேசாமல் சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சிய நான்கின் வயிறுகளும் உருண்டிருந்தன.

ஈன்ற சில மணி நேரத்திலேயே பெண் முயல் மீண்டும் சினைப்படக்கூடும் என்று கேட்டதும் அன்று மாலையே இரண்டாவது கூண்டு வாங்கினோம். முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். அந்த 31 நாளும் வீட்டில் ஒவ்வொருவரும் நாட்காட்டியைப் பார்த்தபடி நடமாடினோம். நல்வாய்ப்பாக ஒன்றும் நிகழவில்லை. எட்டு வாரம் ஆனபின் நான்கு குட்டிகளும் நான்கு வீடுகளுக்குச் சென்றன. அவற்றில் ஒன்று ஒன்பதாம் நாள் எங்களிடமே திரும்பி வந்து, பிறகு வேறொரு வீட்டுக்குப் போயிற்று.

முயல் பெருக்கம் கணக்குப் புத்தகங்களுக்குப் பழைய செய்தி. ஃபிபோனச்சி என்று அறியப்படும் பீசா நகரத்து அறிஞர் 1202-இல் எழுதிய கணித நூலில், ஒரு சோடி முயல் ஓராண்டில் எத்தனை சோடியாகும் என்று வினவி, 377 என்று விடை தருகிறார். அக்கணக்கில் ஒரு முயலும் சாவதில்லை; எவரும் கூண்டு கழுவுவதுமில்லை. இதே போன்ற தாளைக் கையில் ஏந்திக் கடன் கேட்டு வருவோரை வங்கி மேசையில் சந்தித்திருக்கிறேன். குட்டிகள் அனைத்தையும் தாமே வாங்கிக்கொள்வதாக எவரோ உறுதி அளித்திருப்பார். 2012-இல் கொங்கு மண்டலத்தில் ஈமுக் கோழிகளை நம்பிச் சேமிப்பை இழந்தவர்களும் அத்தகைய உறுதிமொழியைத்தான் நம்பினார்கள். வாங்குவதாகச் சொல்பவர் அவற்றை யாருக்கு விற்கிறார் என்று அவர்களிடம் கேட்பேன். பெரும்பாலும் விடை வராது. பிறர் கொண்டுவரும் தாளில் விடுபட்டதை எளிதில் காணும் கண், சொந்தக் குறிப்பேட்டில் விடுபட்டதைக் காணவில்லை.

அவ்வாண்டின் மார்ச்சு, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 122 ஆண்டுப் பதிவுகளில் மிக வெப்பமான மார்ச்சு. நாகபுரியின் கோடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 45 பாகை அந்நகருக்குப் புதிதன்று. முயலுக்கு வியர்க்காது. காதுகளின் வழியாகவே உடல் வெப்பத்தைப் பெரிதும் வெளியேற்றுகிறது. 30 பாகையைத் தாண்டினாலே அதற்குத் துன்பம் தொடங்கிவிடும். வீட்டில் இருந்த ஒரே கூலரைக் கூண்டுகளின் பக்கம் திருப்பினோம். மின்சாரம் நின்றால், உறையவைத்த தண்ணீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி முயல்களின் அருகில் வைப்போம். பள்ளிகள் முழுமையாகத் திறந்துவிட்டதால் பிள்ளைகளின் பகற்பொழுது வீட்டில் இல்லை. மகளின் ஆர்வம் சிறுகச் சிறுகத் தோழிகளின் பக்கம் சாய்ந்தது. பன்னிரண்டு வயதில் அது இயல்பே. கீழ்வீட்டு ஆஜி மட்டும் நாள் தவறாமல் வந்து நாற்றத்தைப் பற்றி முறையிட்டார். போகும்போது வெந்தயக்கீரைக் கட்டு ஒன்றை முயலுக்கென்று வைத்துவிட்டுப் போவார்.

மே மாதத்தில் ஒரு காலை மிளகு உணவைத் தொடவில்லை. கூண்டில் புழுக்கையும் இல்லை. வெயிலால் சோர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் அலுவலகம் சென்றேன். முயல் அரை நாள் உண்ணாதிருந்தாலே அது அவசர நிலை. குடலின் அசைவு நின்றுவிடும். உட்கொண்டதை வாந்தி எடுக்கும் ஆற்றலும் முயலுக்கு இல்லை. அண்டை வீட்டினர் ஒருவர், பிள்ளைகளுக்குத் தரும் அமாக்சிசிலின் மருந்தில் சிறிது புகட்டலாம் என்று நல்லெண்ணத்துடன் கூறினார். பென்சிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நன்மை தரும் நுண்ணுயிர்கள் அழிந்து அது இறக்கவும் கூடும் என்பதை அப்போது நாங்கள் அறியோம். என் மனைவி அதைக் கேளாமல், ஆட்டோவில் முயலை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் விரைந்தார். தோலுக்கடியில் நீர் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். வீட்டில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ஊறவைத்து அரைத்த புல்கூழை ஊசியில்லாக் குழலால் வாயோரத்தில் புகட்ட வேண்டும். இரண்டு இரவுகள் அவர் உறங்கவில்லை. மறுநாள் அவர் பகுதிநேரமாகக் கற்பிக்கும் பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு. மூன்றாம் நாள் அதிகாலையில், “போட்டுவிட்டது” என்று என்னை எழுப்பினார். சிறு மிளகளவில் நான்கு புழுக்கைகள்.

அன்றிரவு வழக்கம்போல் குறிப்பேட்டைத் திறந்து, மருத்துவச் செலவு 2,350 ரூபாய் என்று எழுதினேன். பின்னால் நின்ற என் மனைவி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

“புல், மருந்து, கூண்டு, ஆட்டோ வாடகை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். என்னுடைய ஒரு நாள் சம்பளம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?”

என்னிடம் விடை இல்லை. அதன்பின் எழுந்த சச்சரவை இங்கே விவரிக்கத் தேவையில்லை. முயலில் தொடங்கி, மாறுதலில் நாங்கள் விட்டுவந்த ஊரையும் அவர் அங்கு விட்ட நிரந்தர வேலையையும் தொட்டது. முயல்களைக் கொடுத்துவிடுவோம் என்றார். சரி என்றேன், உடனே. ஒப்புதல் அளித்தே பழகியவன்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வாங்க வந்தார். கூண்டைத் திறந்து மிளகின் இரு காதுகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினார். முயலை அவ்வாறு தூக்கலாகாது. பின்னங்கால்களை உதைத்துத் துள்ளும் வேகத்தில் தன் முதுகெலும்பையே அது முறித்துக்கொள்ளக்கூடும். என் மனைவி சமையலறையிலிருந்து வந்து, மிளகின் பின்புறத்தைத் தாங்கி அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “விற்பதற்கில்லை” என்று அந்த ஊருக்கு வந்தபின் கற்ற இந்தியில் சொல்லிவிட்டு உள்ளே சென்றார். வந்தவர் என்னைப் பார்த்தார். நான் தேநீர் அருந்திச் செல்லுமாறு வேண்டினேன்.

அன்று மாலை குறிப்பேட்டில் பெயருக்கு ஒன்றாக நான்கு பத்திகளை வரைந்து, பணத்துக்குப் பதில் நேரத்தை எழுதத் தொடங்கினோம். முதல் வார முடிவில் மனைவி 11 மணி 20 நிமிடம். மகள் 1 மணி 10 நிமிடம். மகன் 40 நிமிடம். நான் 25 நிமிடம். அந்த 25 நிமிடத்தில் பாதி, முயல்களைப் படம் எடுத்த நேரம் என்று மகள் ஆட்சேபம் எழுப்பினாள். கையிலிருந்து பணம் போகாத செலவையும் செலவாகக் கருதவேண்டும் என்று கல்லூரியில் படித்து, தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான்.

கூண்டு கழுவும் வேலை காலை 5.40-க்கு என்னுடையதாயிற்று. ஈரமான அடித்தட்டை நாள்தோறும் மாற்றினால் நாற்றம் இராது என்பதை ஆஜியின் வருகை குறைந்ததிலிருந்து அறிந்தேன். வெந்தயக்கீரை மட்டும் நிற்கவில்லை. மிளகுக்குக் கருத்தடை அறுவை செய்து, சில வாரங்கள் கழித்து இரண்டையும் மீண்டும் ஒன்றாக விட்டோம். நன்கு பேணினால் முயல் எட்டு முதல் பத்து ஆண்டுகள் வரை வாழும். வங்கியில் வைப்புத்தொகைக்கு நாங்கள் ஏற்கும் மிக நீண்ட தவணையும் பத்து ஆண்டுதான். ஆனால் வைப்புத்தொகையை இடையில் முறித்துக்கொள்ளலாம்.

2024 ஜூன் மாதம் அடுத்த மாறுதல் ஆணை வந்தது, இம்முறை கொச்சி. மகள் பத்தாம் வகுப்பு. என் மனைவிக்கு அதற்கு முந்தைய ஆண்டில்தான் அதே பள்ளியில் நிரந்தரப் பணி கிடைத்திருந்தது. நான் மட்டும் வந்தேன். காலை 5.40 வேலை, எவரும் சொல்லாமலே, மகனுக்குச் சென்றது. குறிப்பேட்டில் என் பத்தி வெறுமையாக இருக்கிறது. விடுமுறையில் செல்லும் நாட்களில் மட்டும் நிரம்புகிறது.

இரவு ஒன்பது மணிக்கு அழைக்கிறார்கள். தேர்வு, மழை, தண்ணீர்த் தொட்டி, ஆஜியின் முழங்கால் வலி எல்லாம் பிறகுதான். முதலில் மகன் கைப்பேசியை வாங்கி, அன்று காலை பஞ்சும் மிளகும் இட்ட புழுக்கையின் அளவைச் சொல்கிறான்.