காட்டுக்கடலை தந்த காப்பு

புரட்டாசி மழை விட்ட காலையில் சித்தூர்ப் பக்கத்துச் செம்மண் கொல்லையில் இறங்கி, ஒரு வேர்க்கடலைச் செடியைக் குனிந்து பாருங்கள். மஞ்சள் பூ வெளிச்சத்தில் பூக்கிறது. கருவுற்றதும் அதனடியிலிருந்து ஊசிபோல் ஒரு விழுது கிளம்பி, கீழ்நோக்கி வளர்ந்து, மண்ணுக்குள் புகுகிறது. இருட்டைத் தொட்ட பிறகுதான் காய் பிடிக்கிறது. இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தவனைக் கும்பிடாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

அதே மழை ஈரத்தில்தான் டிக்கா இலைப்புள்ளியும் துருவும் வருகின்றன. இலையடியில் கருமையான புள்ளிகள், பக்கத்திலேயே செம்பழுப்புத் தூள். காய் முற்றும் நேரத்தில் இலை கொட்டிவிடுகிறது. இரண்டு பூஞ்சை நோய்களும் சேர்ந்து கடுமையாகத் தாக்கினால் பாதிக்கு மேல் மகசூல் போய்விடும்.

பயிர்க்கடலைக்கு ஏன் இந்தப் பலவீனம்? தென் அமெரிக்காவில் ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு காட்டுச்செடிகள் கூடியதில் பிறந்தது அது. பெற்றோருக்குத் தலா 20 குரோமோசோம்கள்; பிள்ளைக்கு 40. அதனால் காட்டு உறவுகளோடு அதற்குச் சம்பந்தம் அற்றுப்போயிற்று. அந்தச் சிறு குடும்பத்தின் வாரிசுகள்தாம் உலகத்துப் பயிர்க்கடலை முழுவதும். நோயைத் தாங்கும் சொத்தில் பெரும்பகுதி காட்டிலேயே தங்கிவிட்டது.

பொலிவியாவின் அராக்கிஸ் கார்டெனசி அப்படிப்பட்ட ஓர் உறவு. 1960களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் அதைப் பயிர்க்கடலையோடு கலந்தார்கள். பிறந்த கலப்புக்கு 30 குரோமோசோம்கள். விதை கட்டாத மலடு. கால்சிசின் என்ற நஞ்சைக் கொடுத்து அதை 60 ஆக்கினார்கள். நம் செங்காந்தள் கிழங்கிலும் இருக்கிறதே, அதே நஞ்சு! பிறகு நடந்ததுதான் என்னைத் திகைக்க வைக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தன் மகரந்தத்திலேயே விளைந்த அந்தச் செடி, மிகையான குரோமோசோம்களை உதிர்த்துவிட்டு 40க்கே திரும்பியது. திரும்பிய சில செடிகளில் காட்டுச்செடியின் மரபுத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்தத் துண்டுகள் பூஞ்சையை அடியோடு அழிப்பதில்லை. புள்ளி தாமதமாக வருகிறது, சிறிதாகவே நிற்கிறது, அதிலிருந்து வித்துகள் குறைவாகவே பறக்கின்றன. பூஞ்சையின் அடுத்தடுத்த தலைமுறைகள் தள்ளிப்போக, அதற்குள் காய் முற்றிவிடுகிறது. பகையை ஒழிக்காமல் காலத்தை வாங்கித்தரும் இந்தப் பொறுமைதான் மருந்தடிப்பைவிடப் பெரிது என்பேன்.

ஹைதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனத்தில் இந்த வம்சத்தில் ஒரு கடலை வந்தது. அதைத் தார்வாடு வேளாண் பல்கலைக்கழகத்தார் உள்ளூர் ரகத்தோடு சேர்த்து ஜி.பி.பி.டி. 4 ரகத்தை உருவாக்கினார்கள். அதிலிருந்து எதிர்ப்புத் துண்டுகளை மட்டும் மரபுக்குறிகளால் அடையாளம் கண்டு, ஐ.சி.ஜி.வி. 91114, ஜே.எல். 24 போன்ற பழகிய ரகங்களுக்குள் ஏற்றியிருக்கிறார்கள்.

நாராயணி, தரணி என்ற கடலை ரகங்கள் பிறந்தது திருப்பதி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில். சித்தூர்ப் பக்கத்து மண்ணோ வறட்சியும் மழைக்கால நோயும் ஒரே பருவத்தில் வரக்கூடிய மானாவாரி மண். இரண்டையும் தாங்கும் செடிதான் இங்கே வேண்டும். பட்டான்செரு மரபணு வங்கியில் 15,000க்கும் மேற்பட்ட கடலை மாதிரிகள் காத்து வைக்கப்பட்டுள்ளன. காட்டு உறவுகளும் அங்கே உண்டு. அவற்றில் இன்னும் எந்தெந்தக் காப்புகளை வைத்தானோ படைத்தவன், தேடித்தான் எடுக்க வேண்டும்.