பழைய பிக்கப் வண்டிக்குச் சேஸிஸ் மாற்றலாமா?

காய்கறி மூட்டையும் உர மூட்டையும் ஏற்றி முப்பது, நாற்பது ஆண்டு உழைத்த ஜீப் வகைப் பிக்கப் வண்டிகள் இன்னும் சில விவசாயிகளிடம் இருக்கின்றன. எஞ்சின் நன்றாக ஓடும்; அடியில் பார்த்தால் சேஸிஸ் துருப்பிடித்திருக்கும். ஒட்டுப் போடுவதா, வேறு சேஸிஸ் வாங்கிப் போடுவதா, வண்டியையே கழித்துவிடுவதா? இதை முடிவு செய்யுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். துரு எவ்வளவு என்பதைவிட, எந்த இடத்தில் என்பதே முக்கியம்.

இவ்வகை வண்டியின் சேஸிஸ் ஏணி போன்றது. இரண்டு நீளச் சட்டங்களைக் குறுக்குச் சட்டங்கள் பிணைத்திருக்கும். பாரம் முழுவதும் ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் கொக்கிகளின் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. எனவே அந்தக் கொக்கிகள் பொருத்தப்பட்ட இடம், பின் அச்சுக்கு மேலே சட்டம் வளையும் இடம், ஸ்டியரிங் பெட்டி பொருந்தும் இடம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். தொட்டியைத் தாங்கும் சிறு கால்கள் அரித்திருந்தால் அது பெரிய விஷயமில்லை. ஒரு நாள் வேலை.

சோதனைக்குச் சுத்தியலும் ஸ்குரூ டிரைவரும் போதும். சேற்றைக் கழுவிக் காயவிட்டு, சட்டத்தைச் சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; அரித்த இரும்பு மொத்தென்று கேட்கும். அங்கே ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். பெட்டி போல் மூடிய சட்டம் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும். புதிதாகத் தார் பூசிய சேஸிஸைக் காட்டி விற்பவரிடம் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு.

பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சட்டத்தின் நான்கு மூலைகளில் இருபுறமும் ஒத்த துளைகளிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸ் குறி இடுங்கள். குறுக்காக இரு மூலைவிட்டங்களையும் அளங்கள். வித்தியாசம் கால் அங்குலத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. அதற்கு மேல் போனால் சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கலாம்; ஒட்டுப் போட்டாலும் டயர் ஒருபுறமாகத் தேயும்.

நேராக இருந்து, ஓரிரு இடத்தில் மட்டும் அரித்திருந்தால் ஒட்டுப் போடலாம். அரித்த பகுதியை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் பட்டை வைக்க வேண்டும். துருவின் மேலேயே பட்டையை ஒட்டினால் உள்ளே அரிப்பு தொடரும். பட்டையின் முனையைச் சட்டத்துக்குக் குறுக்கே நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டச் சொல்லுங்கள். நேராக வெல்டிங் வைத்த கோட்டிலேயே பிறகு விரிசல் விடும். வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் அல்லது டீசல் டாங்கை இறக்கி, பாட்டரி இணைப்பையும் கழற்றிவிடுவது கட்டாயம்.

ஸ்பிரிங் கொக்கி இடங்கள் இருபுறமும் போய்விட்டன, சட்டமும் முறுக்கியிருக்கிறது என்றால் ஒட்டு வேலைக்கு ஆகாது. இங்கேதான் பலர் கணக்கில் தவறுகிறார்கள். சேஸிஸின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். பாடியைத் தூக்கும்போது பாதி போல்ட்டுகள் ஒடியும். பிரேக் குழாய், வயரிங், ரப்பர் புஷ் எல்லாம் புதிதாக வேண்டும். வேலை முடியும்வரை வாடகை வண்டிக்குக் கொடுப்பதையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு நல்ல சேஸிஸோடு வேறு பழைய வண்டி கிடைக்குமானால், என் யோசனை, அதை வாங்கி உங்கள் வண்டியை உதிரிக்கு வைத்துக்கொள்வதே.

சட்ட விஷயமும் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண் சேஸிஸில் அடித்த எண். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எனவே வேலை தொடங்குமுன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பழைய எண்ணை வெட்டிப் புதுச் சட்டத்தில் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறையை விட்டு வந்துவிடுங்கள், அது குற்றம். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்கையில் எண்ணும் பார்க்கப்படும்.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-ல் தனிப் பதிவு விதிகள் வந்தன. சேஸிஸிலும் எஞ்சினிலும் மாற்றம் செய்யாத வண்டிக்கே அது பொருந்தும். அதில் பாரம் ஏற்றிப் பிழைக்கவும் முடியாது.

சேஸிஸ் இன்னும் நன்றாக இருப்பவர்கள், பொட்டாஷ் உரமோ தொழு உரமோ ஏற்றிய அன்றே அடிப்பகுதியைக் கழுவுங்கள். சட்டத்தின் அடியில் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தி, சேறு அடையாமல் வைத்திருங்கள்.